அரிசி இல்லாத நாளில் அடுப்பில் என்ன வேகும்? பினாங்கு வீடுகளுக்கான அவசரகால முன்னேற்பாடு

2017 நவம்பர் 4ஆம் தேதி பினாங்கில் கொட்டத் தொடங்கிய மழை மறுநாள் காலை வரை ஓயவில்லை. காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, பல இடங்களில் மின்சாரம் நின்றது, ஏழு பேர் உயிரிழந்தனர். விடியும் முன்பே மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஜார்ஜ்டவுனில் ஜாலான் பி. ரம்லி வட்டாரத்தினருக்கு வெள்ளம் பழக்கப்பட்ட ஒன்று. ஆனால் அன்றிரவு, வெள்ளம் வரும் என்று நினைத்தும் பார்க்காத வீடுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறியது.

2024 ஜனவரியில் வந்த இடர் வேறு வகை. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகே பெரிய வால்வுகளை மாற்றும் பணிக்காக மாநிலத்தின் பெரும்பகுதியில் நான்கு நாள்களுக்கு நீர் விநியோகம் தடைபட்டது. பினாங்கின் குழாய் நீரில் பெரும்பங்கு சுங்கை மூடா ஆற்றிலிருந்துதான் வருகிறது. தீவில் இருப்பவருக்கும் பெருநிலத்தில் இருப்பவருக்கும் அதே ஆறுதான். அந்த முறை முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. குழாய் வெடித்தால் அறிவிப்பு வராது.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் வீட்டில் பத்து கிலோ அரிசி இருந்தால் மட்டும் போதாது. அரிசியை வேகவைக்கத் தண்ணீர் வேண்டும், நெருப்பு வேண்டும். தரையில் வைத்த மூட்டை வெள்ளத்தில் நனைந்துவிட்டால் அதுவும் பயனில்லை.

முதல் மூன்று நாள்

உதவி வந்து சேரும் வரை ஒரு குடும்பம் தன் காலில் நிற்க வேண்டிய காலம் குறைந்தது மூன்று நாள் என்பதே உலகெங்கும் பேரிடர் அமைப்புகள் சொல்லும் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். நால்வர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர். கழிவறைக்கும் கழுவுவதற்கும் தேவையானது இதில் சேராது.

உணவைப் பொறுத்தவரை, அடுப்பு மூட்டாமலே தின்னக்கூடியவைதான் முதலில் கைகொடுக்கும். அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சம்பழம், சத்துமாவு, பிஸ்கட், சார்டின் டின். அவல் நம் வீடுகளில் எப்போதாவதுதான் வெளியே வருகிறது. குளிர்ந்த நீரில் ஊறினாலே சாப்பிடத் தயாராகிவிடும் தானியம் அது. டின் திறப்பானை மறப்பவர்கள் அதிகம்.

மின்சாரம் நின்றால் குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பது நல்லது. மூடியே இருந்தால் உள்ளே உள்ள உணவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். உறைபெட்டி நிறைந்திருந்தால் இரண்டு நாள் வரை தாக்குப்பிடிக்கும். வெள்ள நீர் தொட்ட காய்கறி, அரிசி, மாவு எதையும் கழுவிப் பயன்படுத்தக் கூடாது. அந்த நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் வெட்டுக்காயம் வழியாகவும் உடலில் புகும்.

நீரிழிவு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாடு கிடைக்காமல் போனால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சீனி மிட்டாயோ குளுக்கோஸ் பொட்டலமோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்சுலின் குளிர்பெட்டிக்கு வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது வகைக்கு வகை மாறும். மருந்து வாங்கும்போதே கேட்டு, பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடலாம். மைகார்ட், பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகல், கைவிளக்கு, சிறிது ரொக்கம் எல்லாம் ஒரே நீர்புகாப் பையில் இருக்கட்டும். தண்ணீர் வீட்டுக்குள் ஏறத் தொடங்கினால் எரிவாயு தோம்பை அடைத்துவிட்டு, மின்சாரத்தின் முதன்மை விசையை நிறுத்த வேண்டும். அவசர அழைப்புக்கு 999.

மூன்று நாள் மூன்று மாதமானால்

2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. செப்டம்பர் 1 முதல் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனே எல்லோரும் கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்ற கட்டுப்பாட்டு விலையில் விற்கும் உள்நாட்டு அரிசியைத் தேடி ஓட, கடைகளில் அந்த அடுக்கு காலியானது. பசி வரவில்லை. ஆனாலும் இந்நாட்டுச் சோற்றுப்பானை எவ்வளவு தூரம் பிறர் வயலை நம்பியிருக்கிறது என்பது அந்த வாரங்களில் தெரிந்தது.

அந்த நம்பிக்கை ஒரு முறை முற்றாகவே முறிந்திருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைக் குண்டுவீசித் தாக்கின. ஆங்கிலேய நிர்வாகம் தன் மக்களை மட்டும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேறியது. காவலும் இல்லை, நிர்வாகமும் இல்லை, கடைகள் சூறையாடப்பட்டன. அந்த இடைவெளியில் பினாங்கு சேவைக் குழு என்ற ஒன்று கூடி ஊரை ஒழுங்கில் வைக்க முயன்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஸ்ட்ரேய்ட்ஸ் எக்கோ நாளேட்டின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. அவர் பெயரை இன்று பினாங்கிலேயே எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு கேள்வி.

போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேல் பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து இறக்கியது. போரில் கப்பல் போக்குவரத்து குலைய, அரிசி பங்கீட்டுக்கு வந்தது. பங்கீடும் சுருங்கிக்கொண்டே போனது. ரப்பருக்குச் சந்தை இல்லாமல் தோட்டங்களில் வேலை நின்றது. 'ஜப்பான்காரன் காலம்' என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளில் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளிக்கிழங்கு. சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் சிவப்புச் செம்பனை எண்ணெயும் துணைக்கு வந்தன.

மரவள்ளி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அதே எடை மரவள்ளியில் ஒன்றரை கிராம்கூட இல்லை. கிழங்கை மட்டுமே தின்றவர்களின் உடல் நலிந்தது, காலில் வந்த புண் ஆறவில்லை. மலேரியா வந்தபோது தாங்கும் வலு இல்லை.

கிழங்கிலேயே நஞ்சும் உண்டு. லினமரின் என்ற பொருள் சிதையும்போது சயனைடு வெளிப்படுகிறது. கசப்பு வகையில் அது அதிகம், தோலில் இன்னும் அதிகம். ஆப்பிரிக்காவில் பஞ்ச காலத்தில் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல், புரதமும் இல்லாமல் வாரக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால்கள் நிரந்தரமாக முடங்கிப்போயின. கோன்சோ என்பது அந்நோயின் பெயர். தோலைத் தடிமனாகச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, நிறைய நீரில் மூடி போடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகக் கடிப்பது கூடவே கூடாது. இளந்தளிரை மலாய்க்காரர்கள் வேகவைத்துச் சாப்பிடுவதும் இதே காரணத்தால்தான். கிழங்கோடு ஒரு கைப்பிடி பருப்போ நெத்திலியோ சேர்ந்தால் அது முழு உணவாகும்.

புழுங்கல் அரிசியைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி இறந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அந்நோய் பெரும்பாலும் வரவில்லை. மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இரு பிரிவினருக்கு இரண்டு அரிசியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பலர் நோயில் விழுந்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின், அதாவது வைட்டமின் பி1, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பின்னர்தான் கிடைத்தது. வேறு உணவுகள் குறைந்து சோறே முக்கால் சாப்பாடாகும் நாளில் இந்த வேறுபாடு பெரியது. சேமித்து வைப்பது புழுங்கலாகவே இருக்கட்டும். ஒரு பை கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் சமைத்து வந்தால் வண்டும் வராது, பதுக்கலும் ஆகாது.

அடுக்குமாடியில் என்ன செய்வது?

தோட்டப்புறத்தில் வீட்டுக்குப் பின்னால் முருங்கை நின்றது. நகரத்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்கு அந்த மண் இல்லை. தொட்டியில் பசலையும் பொன்னாங்கண்ணியும் தண்டை ஒடித்து நட்டாலே வரும். மண்ணே இல்லாதவருக்குப் பச்சைப்பயறு இருக்கிறது. காய்ந்த பயறில் வைட்டமின் சி அநேகமாக இல்லை, முளை விட்டால் வந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் இரண்டு மூன்று நாளில் முளை நீளும். தண்ணீர் நம்பகமில்லாத நேரத்தில் அதை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

காட்டில் கிடைப்பதை நம்பி இறங்குவது வேறு சங்கதி. ஊபி காடோங் என்ற காட்டுக்கிழங்கை நறுக்கி நாள்கணக்கில் ஓடும் நீரில் ஊறவைத்தால்தான் நஞ்சு நீங்கும். பக்குவம் தெரியாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல். பெயர் தெரியாத காளானும் அப்படியே.

மரவள்ளி தோண்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருத்துவிடும். ஆனால் தோண்டாமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான கிடங்கு இல்லை. முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, தண்ணீர் தேங்காத மேட்டில் நட வேண்டும். தைப்பூசத்தின் போது நட்ட குச்சி தீபாவளி வாக்கில் கிழங்கு தரும். சர்க்கரைவள்ளிக் கொடி என்றால் நான்கு மாதம் போதும், அதன் இலையையும் கீரையாக வதக்கலாம்.