ஒலிக்கருவி இரைவது ஏன்? வாங்கும் முன்னும் வீசும் முன்னும் அறிய வேண்டியவை

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் எம்மிடையே இருக்கிறது. ஒலிக்கருவியின் தரம் எதில் தங்கியிருக்கிறது என்பதற்கான முதற் பாடமும் அந்த டைனமோவிலேயே இருக்கிறது.

மின்வழங்கல்

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். டயோட் எனப்படும் இருவாயிகள் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. கொள்ளளவி அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. கொள்ளளவி போதாவிட்டால் எஞ்சும் அலை இரைச்சலாகக் கேட்கும்.

இன்றைய அம்பிளிபயர்களிலும் இதே கதைதான். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். முழு அலைச் சீராக்கலின் பின் எஞ்சும் அலையின் மீடிறன் 100 ஹேர்ட்ஸ். மலிவான கருவிகளில் நிலைமாற்றியும் கொள்ளளவியும் சிறியவையாக இருப்பதுண்டு. சத்தத்தைக் கூட்டியதும் மின்னழுத்தம் விழுகிறது. தவில் முழங்கும் இடத்தில் பாடகரின் குரலும் சேர்ந்து பிசிறுகிறது.

சுற்றின் அமைப்பு

பல அம்பிளிபயர்களில் ஒலியலையின் மேல் பாதியை ஒரு திரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. கைமாறும் இடத்தில் இரண்டும் சற்றேனும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் மெல்லிய ஒலி கரகரக்கும். அதேபோல், ஸ்பீக்கருக்கான பெரிய மின்னோட்டம் திரும்பும் புவிக்கம்பியை உள்ளீட்டுச் சமிக்ஞையும் பகிர்ந்தால், உயர்தரப் பாகங்கள் இருந்தும் இரைச்சல் நீங்காது.

வாங்கும்போது

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. வாற்று அளவுக்குப் பொதுவான தராதரம் இல்லை. ஆர்.எம்.எஸ். அளவைக் கேளுங்கள். பின்புறத்தில் உள்ளீட்டு வலு 60 வாற்று என எழுதியிருந்தால், 1000 வாற்று ஒலியைத் தொடர்ந்து தர அக்கருவியால் முடியாது.

பழையதை வீசுமுன்

நன்றாகப் பாடிய கருவி ஆண்டுகள் கழிந்து இரையத் தொடங்கினால், மின்பகு கொள்ளளவி உலர்ந்திருக்கக்கூடும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடும்போது அதன் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது பொது விதி. எனவே கருவியை மூடிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். அதே கொள்ளளவும், அதே அல்லது கூடிய வோல்ற்று அளவும் உள்ள கொள்ளளவியை மாற்றினாலே பல கருவிகள் மீளும். புதியது வாங்கும் செலவு மிஞ்சும். ஆனால் மின்னைத் துண்டித்த பின்னும் கொள்ளளவியில் ஏற்றம் தங்கியிருக்கும். அனுபவமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்காமல் திருத்துநரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.