சமர்ப்பணப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்ட பெயர்: ஜார்ஜ் பிரிட்ஜ்டவரின் வாழ்வும் இசையும்



ஒருவரின் பெயர் மறக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறோம். எனவே இவ்வாண்டு, பெயர் நீக்கப்பட்ட ஒரு கலைஞரைப் பற்றிப் பேசுவது பொருத்தமென்று கருதினோம். அவர் நம் மொழிக்காரர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஆனால் அவருக்கு நேர்ந்தது என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தால்ஸ்தாயின் ‘க்ரூய்ட்சர் சொனாட்டா’ குறுநாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அந்தத் தலைப்பு, பீத்தோவன் வயலினுக்கும் பியானோவுக்குமாக இயற்றிய ஓர் இசைப்படைப்பின் பெயர். க்ரூய்ட்சர் பாரிசில் புகழ்பெற்றிருந்த பிரெஞ்சு வயலின் கலைஞர். அந்த இசை அவருக்காக இயற்றப்பட்டதல்ல. அவர் அதை ஒருமுறைகூட மேடையில் வாசித்ததும் இல்லை. அது யாருக்காக இயற்றப்பட்டதோ, யார் அதை முதன்முதலில் வாசித்தாரோ, அவர் பெயர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். கறுப்பினத் தந்தையின் மகன்.

பணியாளின் மகன்

பிரிட்ஜ்டவர் 1778இல் போலந்தின் பியாவா போட்லாஸ்காவில் பிறந்தார். தந்தை ஆப்பிரிக்க வம்சாவளியினர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்த பார்படோஸ் தீவோடு அவரைத் தொடர்புபடுத்துவர். தாய் ஜெர்மன் மொழி பேசிய ஐரோப்பியப் பெண். தந்தை எஸ்டர்ஹாசி இளவரசரின் அரண்மனையில் ஊழியம் பார்த்தார். அங்கே இசைக்குழுவின் தலைவராக இருந்தவர் புகழ்பெற்ற ஹைடன். அந்த ஹைடனும் அரண்மனைச் சீருடை அணிந்த ஊழியர்தான். இப்படி இசையும் ஊழியமும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடத்தில் வளர்ந்த சிறுவன், பின்னாளில் ஹைடனின் மாணவன் என்றே விளம்பரப்படுத்தப்பட்டான்.

1789 ஏப்ரல் 13 அன்று பாரிசில் அவனுடைய முதல் கச்சேரி. வயது பத்து. மூன்று மாதங்களில் பாஸ்தீல் சிறை தகர்க்கப்பட்டது. தந்தையும் மகனும் பாரிசை விட்டு இங்கிலாந்து சென்றனர். அங்கே விண்ட்சர், பாத், லண்டன் என்று கச்சேரிகள் தொடர்ந்தன.

கச்சேரிகளுக்குத் தந்தை துருக்கிய உடை அணிந்து வந்தார். ஆப்பிரிக்க இளவரசர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகும் எழுத்தாளர்கள் உண்டு. நம்மால் அப்படிக் கடக்க முடியாது. பாத் நகரின் பக்கத்தில் இருக்கும் பிரிஸ்டல், அடிமை வணிகக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம். சர்க்கரைத் தோட்ட முதலாளிகள் வந்து பொழுதுபோக்கும் ஊர் பாத். கறுப்பு மனிதரைச் சந்தையில் விலைபேசிய அந்தச் சமூகத்தில், அரண்மனைப் பணியாளின் மகன் என்று சொன்னால் யார் சீட்டு வாங்கியிருப்பார்கள்? இளவரசன் என்று சொல்ல வேண்டியிருந்தது. திறமை மட்டும் போதாது, அதற்கு மேல் ஒரு வேடமும் வேண்டும் என்பது ஒடுக்கப்பட்ட கலைஞர்களுக்குப் புதிதல்ல.

அதற்காகத் தந்தையை முழுக்க நியாயப்படுத்தவும் முடியாது. மகனின் வருமானத்தை அவர் எப்படிச் செலவழித்தார், மகனிடம் எவ்வளவு கடுமையாக நடந்துகொண்டார் என்பதை அரசியின் பணியில் இருந்த பாப்பெண்டீக் அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1791இல் வேல்ஸ் இளவரசர் சிறுவனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தந்தை நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். சிறுவனுக்குச் சிறந்த ஆசிரியர்கள் அமைந்தனர். இளவரசரின் இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் இடமும் கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பணியில் இருந்தார். தாயைப் பார்க்க டிரெஸ்டன் போக வேண்டுமென்று 1802இல் அவர் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது. புரவலரின் நிழலில் பாதுகாப்பு உண்டு; அதிலிருந்து வெளியே வர அனுமதியும் வாங்க வேண்டும்.

1803 மே 24

டிரெஸ்டனிலிருந்து வியன்னா சென்றார். அங்கே பீத்தோவனிடம் அவரை அறிமுகப்படுத்தினார்கள். இருவரும் விரைவிலேயே நெருங்கினர். இருவரும் சேர்ந்து வாசிக்கவிருந்த கச்சேரிக்காகப் பீத்தோவன் புதிய சொனாட்டா ஒன்றை இயற்றத் தொடங்கினார். அதன் இறுதிப் பகுதி வேறொரு படைப்புக்காக முன்பே எழுதி ஒதுக்கி வைத்திருந்தது. மற்ற இரண்டு பகுதிகளையும் அவசரத்தில் எழுதினார். கச்சேரி நாளன்று விடியற்காலை நாலரை மணிக்குப் பீத்தோவன் தம்மை எழுப்பி, முதல் பகுதியின் வயலின் இசையைப் படியெடுக்கச் சொன்னதாக அவருடைய மாணவர் ரீஸ் பதிவு செய்திருக்கிறார். இரண்டாம் பகுதியைப் படியெடுக்க நேரமே இருக்கவில்லை.

1803 மே 24 காலை, வியன்னாவின் ஆவ்கார்டன் பூங்கா அரங்கில் அந்தக் கச்சேரி நடந்தது. பீத்தோவன் பியானோ வாசித்தார். இரண்டாம் பகுதியைப் பிரிட்ஜ்டவர் பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியிலிருந்தே நேரடியாக வாசித்தார். பீத்தோவனின் கையெழுத்துப் பிரதி எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்குத்தான் அதன் கடினம் புரியும். முதல் பகுதியின் ஓரிடத்தில், பியானோ தனியாக ஏறி இறங்கும் ஒரு ஓட்டத்தைப் பிரிட்ஜ்டவர் தம் வயலினில் எழுதப்படாத விதமாகத் திருப்பி வாசித்தார். பீத்தோவன் இருக்கையிலிருந்து துள்ளியெழுந்து அவரைத் தழுவிக்கொண்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னதாகப் பிரிட்ஜ்டவர் குறித்து வைத்திருக்கிறார். அப்போது பீத்தோவன் அவருக்குக் கொடுத்த சுருதிக் கவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கையெழுத்துப் பிரதியில் பீத்தோவன் இத்தாலிய மொழியில் ஒரு சமர்ப்பணம் எழுதினார். அது வேடிக்கையாக எழுதப்பட்டது. சொனாட்டாவை ‘முலாட்டோ’ சொனாட்டா என்றும், பிரிட்ஜ்டவரை முலாட்டோ என்றும், பெரும் பைத்தியம் என்றும் அது சொல்கிறது. அவர் பெயரும் சரியாக எழுதப்படவில்லை. முலாட்டோ என்பது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறந்தவரைக் குறிக்க வெள்ளையர் வைத்த சொல். அதே பீத்தோவன், அதே மாதம், ஒரு பிரபுவுக்கு எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் பிரிட்ஜ்டவரைத் தம் கருவியை முழுமையாக ஆளும் வித்தகர் என்று பாராட்டுகிறார். அந்தப் பாராட்டில் பொய்யில்லை. ஆனால் நெருக்கம் கூடியதும் இனப் பெயர் வந்துவிடுகிறது. ‘நண்பன்தானே, உரிமையில் சொன்னேன்’ என்று சாதிப் பெயரால் அழைக்கப்பட்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

இரண்டு நீக்கங்கள்

அதன்பின் இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. ஒரு பெண்ணை முன்னிட்டு நேர்ந்த சச்சரவு என்று பிரிட்ஜ்டவர் தம் முதுமையில் ஓர் இசைக் கலைஞரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1805இல் சொனாட்டா அச்சானபோது சமர்ப்பணப் பக்கத்தில் ருடால்ஃப் க்ரூய்ட்சர் பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் பீத்தோவன் பாரிசுக்குக் குடிபெயரும் எண்ணத்தில் இருந்தார். பாரிசின் புகழ்பெற்ற பெயர் ஒன்று அவருக்குப் பயன்படும்.

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். கறுப்பர் என்பதால்தான் பெயரை நீக்கினார் என்று சொல்லச் சான்று இல்லை. தனிப்பட்ட சச்சரவும் பாரிஸ் கணக்கும் இருந்திருக்கின்றன. கைதட்டல் கிடைக்கும் என்பதற்காகச் சான்றைத் தாண்டி நாம் பேசினால், ஒரு பொய்யைக் காட்டி நம் நூறு உண்மைகளையும் தள்ளிவிடுவார்கள்.

ஆனால் நீக்கத்துக்குப் பின் நடந்ததற்குச் சான்று தாராளமாக இருக்கிறது. அதே ஆண்டுகளில் பீத்தோவன் இன்னொரு பெயரையும் நீக்கினார். ‘எரோய்க்கா’ சிம்பனியின் படியில் இருந்த நெப்போலியனின் பெயரைத் தாளில் ஓட்டை விழும்வரை சுரண்டினார். அந்த ஓட்டை விழுந்த தாளை வியன்னாவில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இசை வரலாறு படிக்கும் மாணவர் அனைவருக்கும் அந்தக் கதை தெரியும். பேரரசனின் பெயரை நீக்கினால் நீக்கியதே புகழாகிறது. பணியாளின் மகன் பெயரை நீக்கினால் அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாமல் போகிறது. பீத்தோவன் ஒருமுறைதான் நீக்கினார். சச்சரவு இல்லாத, பாரிஸ் கணக்கு இல்லாத பிற்கால உலகம் ஒவ்வொரு கச்சேரி அறிவிப்பிலும் அதை மறுபடி மறுபடி நீக்கியது. தனிமனிதரின் கோபம் அமைப்பின் வழக்கமாக மாறுவது இப்படித்தான்.

மீதி 57 ஆண்டுகள்

பிரிட்ஜ்டவரின் வாழ்க்கை 1803இல் முடிந்துவிடவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்த அதே 1807இல், அவர் ராயல் இசைக் கலைஞர் சங்கத்தின் உறுப்பினரானார். 1811இல் கேம்பிரிட்ஜில் இசையில் இளநிலைப் பட்டம் பெற்றார். 1812இல் பியானோ பயிலுவோருக்கான பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். 1813இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் சங்கத்தின் முதல் பருவக் கச்சேரிகளில் வாசித்தார். 1816இல் திருமணம் செய்துகொண்டார். ரோமிலும் பாரிசிலும் வாழ்ந்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார். 1860 பிப்ரவரி 29 அன்று லண்டனின் பெக்கம் பகுதியில் காலமானார். கென்சல் கிரீன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

‘பீத்தோவனால் வஞ்சிக்கப்பட்டவர்’ என்று மட்டும் அவரை நினைவுகூர்ந்தால், அவரை இன்னொரு முறை பீத்தோவனின் கதைக்குள் அடைக்கிறோம். உறுப்பினராக விண்ணப்பித்தவர், பட்டம் பெற்றவர், கற்பித்துச் சம்பாதித்தவர் என்ற முழு மனிதரை நாம் மீட்க வேண்டும். அவரை மீட்க உதவியவை கச்சேரி விளம்பரங்கள், சங்கப் பதிவேடுகள், நினைவுக் குறிப்புகள் போன்ற சாதாரணக் காகிதங்களே. 1908இல் ‘மியூசிக்கல் டைம்ஸ்’ இதழில் எஃப். ஜி. எட்வர்ட்ஸ் எழுதிய கட்டுரை அவ்வகையில் முக்கியமானது. மாணவ நண்பர்களே, நம் கலைஞர்களும் மனுக்களிலும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் கூலிக் கணக்குகளிலும்தான் இருப்பார்கள். சமர்ப்பணப் பக்கத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

2009இல் கறுப்பினக் கவிஞர் ரீட்டா டவ், பிரிட்ஜ்டவரின் வாழ்வை ஒரு கவிதை நூலாக எழுதினார். தலைப்பு ‘சொனாட்டா முலாட்டிகா’. பீத்தோவன் கேலியாக எழுதிய சொல்லையே அட்டையில் ஏற்றினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்ததை அறிந்த நமக்கு இந்தத் துணிவு அந்நியமல்ல.

சமர்ப்பணப் பக்கத்தில் தொடங்கிய இவ்வுரையை இன்னொரு சமர்ப்பணத்தோடு முடிக்கிறோம். பிரிட்ஜ்டவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1873இல், ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டார். அதை அவர் எந்தப் புரவலருக்கும் சமர்ப்பிக்கவில்லை. கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். கடலுக்கு அப்பால் உள்ளவரின் விடுதலையைத் தம் மக்களின் வழக்காக எண்ணிய மரபு நம்முடையது. அந்த மரபில் நின்று இந்த உரையை ஜார்ஜ் பிரிட்ஜ்டவருக்குச் சமர்ப்பிக்கிறோம். பெயரைச் சரியாகவே எழுதியிருக்கிறோம்.

ஜெய்பீம்.