பக்கிங்காம் கால்வாயில் கயிறு இழுத்தவர்கள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருப்பீர்கள். ஊர் வருவதற்குச் சற்று முன் ஒரு பாலம். கீழே தேங்கிக் கிடப்பதை ஏதோ உப்பங்கழி என்று எண்ணிக் கடந்திருப்பீர்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். வேடந்தாங்கல் பக்கம் குடியிருக்கும் நமக்கு ஏரி தெரியும், பறவை தெரியும். கிழக்கே கடலை ஒட்டி ஒரு படகுச் சாலையே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

என் அம்மாவின் தாத்தா இந்தக் கால்வாயில் உப்புப் படகில் வேலை பார்த்தவர். படகு அவருடையதல்ல, கூலிதான். மரக்காணம் உப்பளங்களிலிருந்து சென்னைக்கு மூட்டைகள் போகும். உப்பு மட்டுமா? சவுக்கு விறகு, நெல், கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று எல்லாமே நீர்வழிதான். இயந்திரம் கிடையாது. காற்று வாகாக அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ள, இன்னொருவர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். தாத்தாவின் தோளில் கயிறு பதிந்த தழும்பு கடைசிவரை இருந்ததாம்.

பாரதிதாசன் இந்தக் கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக எழுதியிருக்கிறார். நிலவையும் இரவையும் பாடியவர், படகைத் தள்ளியவனையும் இழுத்தவனையும் விட்டுவிடவில்லை. எனக்கு அந்தக் கவிதை பிடிக்க அதுவே காரணம்.

கால்வாயின் தொடக்கம் 1806. முதலில் சென்னையிலிருந்து எண்ணூர் வரைதான். பிறகு வடக்கே ஆந்திரம், தெற்கே மரக்காணம் என நீண்டு சுமார் 420 கிலோமீட்டர் ஆனது, தமிழகத்தில் 163. நடுவே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது 1877-78இல். தாது வருடப் பஞ்ச காலம் அது. மண் சுமந்தவர்கள் பசியோடு பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1877 தொடக்கத்தில் பஞ்ச நிவாரண வேலைகளில் ஓர் ஆணின் நாள் கூலி ஒரு பவுண்டு (அரை கிலோவுக்கும் குறைவு) தானியமும் ஓரணாவும். கால்வாய்க்கு வைத்தது அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். வெட்டியவர் பெயரும் இழுத்தவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

ரயிலும் லாரியும் வந்தபின் படகுகள் குறைந்தன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் இப்போது அதற்குள்ளேயே நிற்கின்றன. 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் பகுதி என்று அறிவித்தார்கள். சரக்குப் படகைத்தான் காணோம்!

நம் குடியிருப்பில் செய்யூர், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் பக்கத்துக் குடும்பங்கள் சில உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது படகில் போனதாகவோ, மூட்டை ஏற்றியதாகவோ, கயிறு இழுத்ததாகவோ சொன்னால் அடுத்த இதழுக்குள் தெரிவியுங்கள். அவர்களால் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. ஒரு மாலை நேரம் கொடுத்தால் நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.