நீறு பூத்த நெருப்பு

அடுப்பில் நீறு பூத்துக் கிடக்கும் நெருப்பைக் கண் அறியாது. அருகே நீட்டிய கை அறியும். விண்மீன்கள் பிறக்கும் இடத்தை மனிதன் கண்டறிந்த வரலாறும் இத்தகையதே.

சிரம்பானை அடுத்த ராசா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், புரட்டாசி மாத வைகறையில் பிரட்டுக்களம் நோக்கி நடந்த தொழிலாளர்களின் தலைக்கு மேலே ஓரியன் என்னும் விண்மீன் கூட்டம் ஒளிர்ந்தது. செந்நிறத் திருவாதிரை அக்கூட்டத்தைச் சேர்ந்ததே. வரிசையாக நிற்கும் மூன்று மீன்களின் அருகே, புகை படிந்தாற்போல் ஒரு மங்கல் திட்டு தெரியும். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா அதுவே. 1610ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பெயிரெஸ்க் அதனைத் தொலைநோக்கியால் கண்டார்.

பின்னர் வானத்தை அளந்த வில்லியம் எர்செல், விண்மீன்களிடையே காணப்பட்ட கரிய பகுதிகளை வானத்தின் துளைகள் எனக் கருதினார். அவரே 1800இல், முப்பட்டகத்தால் பிரித்த கதிரொளியில் செந்நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளி தெரியாத அவ்விடத்திலும் வெப்பம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அவ்வாறு புலனாயிற்று. தாம் துளை எனக் கருதியவற்றின் உண்மையை வெளிப்படுத்தும் திறவுகோல் தம் கையிலேயே இருந்ததை அவர் அறிந்திலர்.

1919இல் அமெரிக்க வானியலர் எட்வர்டு பார்னார்டு, அத்தகைய 182 கரும்பகுதிகளைப் பட்டியலிட்டார். அவற்றுட் பல துளைகளல்ல, பின்னுள்ள விண்மீன்களை மறைக்கும் முகில்கள் என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. அம்முகில்களிலுள்ள நுண்துகள் கண்ணுறும் ஒளியைத் தடுக்கும்; அலைநீளம் மிகுந்த அகச்சிவப்போ பெரும்பாலும் ஊடுருவிச் செல்லும். ஒளியை உண்ட துகளும் சூடேறித் தானே அகச்சிவப்பை உமிழும்.

1967இல் பெக்லின், நியூகெபவர் ஆகிய இருவர், ஓரியன் முகிலுள் கண்ணுக்குத் தெரியாது மறைந்திருந்த இளமீன் ஒன்றை அகச்சிவப்பின் துணையால் கண்டதாக அறிவித்தனர். 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகியோர், 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் அங்கே கார்பன் மோனாக்சைடு வளியைக் கண்டனர். விண்மீனுக்கு மூலப்பொருளான குளிர்ந்த வளிமுகில்களை அளக்க அது வழி வகுத்தது.

தொலை அகச்சிவப்பைப் புவியின் நீராவி விழுங்கிவிடும். ஆதலின் இந்தியாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர், ஐதராபாத்திலிருந்து பெரும் பலூன்களில் 1 மீட்டர்த் தொலைநோக்கியை உயரே அனுப்பி இத்தகைய முகில்களை ஆய்ந்தனர். 2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட், வெப்பம் மிகுந்த இளமீன்கள் சொரியும் புற ஊதாக் கதிரைப் பதிந்தது. 2021இல் ஏவப்பட்ட வெப் தொலைநோக்கி, 6.5 மீட்டர் ஆடியால் அகச்சிவப்பில் மேலும் நுணுகி நோக்கியது.

புற ஊதா பிறந்த மீனைக் காட்டும். அகச்சிவப்பு பிறக்கும் மீனைக் காட்டும். வானொலி அலை இனிப் பிறக்கவிருப்பதன் கருவைக் காட்டும். இவற்றுள் ஒன்று மட்டும் முழு உண்மை ஆகாது. வெறுமை என ஒதுக்கப்பட்ட இருளே பிறப்பறையாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று தீர்ப்பளிக்குமுன், எந்த ஒளியில் நோக்கினோம் என வினவுதல் அறிவுடையார் கடன். வானத்தை நோக்குவார்க்கு மட்டுமன்றி, வகுப்பறையில் மாணவர் முகம் நோக்குவார்க்கும் இது பொருந்தும்.