மாசக் கணக்கும் வாரக் கணக்கும்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி "முழுகாம இருக்கா" என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மாதாமாதம் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் குளியல் இந்த மாதம் நடக்கவில்லை என்பதுதான் சேதி. அதே பெண் சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்சம்மா தவறிய குளியலைக் கேட்பதில்லை. "கடைசியா வீட்டுக்குத் தூரமானது என்னைக்கும்மா?" என்று அதற்கு முந்தைய மாதத்துக்குப் போகிறார். வீட்டுக்குச் சேதி தெரியும்போது நர்சம்மாவின் கார்டில் ஏற்கெனவே நான்கு வாரம் ஓடியிருக்கும். அதில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது. இல்லாத பிள்ளைக்கும் சேர்த்து எண்ணுகிற கணக்கு அது.

இப்படி, முதல் பிள்ளையை எதிர்பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று ஆயாவும் அத்தையும் வைத்திருக்கும் மாசக் கணக்கு. இன்னொன்று கார்டில் இருக்கும் வாரக் கணக்கு. பழசு புதுசு என்று பிரித்து, ஒன்றை மூடநம்பிக்கை என்றும் மற்றதை அறிவியல் என்றும் முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் ஆர்வமில்லை. இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் ஒரு இளம் ஜோடி எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்பதுதான் கேள்வி.

மாதிரிக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையடிவாரம், வாணியாற்றுப் பாசனம், கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் கரும்பு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, தருமபுரியில் பஸ் மாறி வந்து, ஞாயிறு சாயந்திரம் திரும்பிவிடுவான். அவள் மாமியாரோடும் மாமியாரின் மாமியாரோடும் வீட்டில். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வீடு இப்படித்தான்.

முதலில் மாசக் கணக்கின் நியாயத்தைப் பார்த்துவிடலாம். பிள்ளையைப் பத்து மாசம் சுமந்ததாகச் சொல்கிறோம். ஒன்பது மாசம்தானே என்று படித்த பேரன் திருத்துகிறான். ஆயா தப்பாக எண்ணவில்லை. நடப்பு மாசத்தையும் சேர்த்து எண்ணுகிறாள். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களே, அந்தக் காரணத்தில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிறக்கும் என்பார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று விரல்விட்டால் சித்திரை பத்தாவது விரலில் வந்து நிற்கும். தருமபுரிச் சித்திரை வெயிலில், மின்விசிறியில்லாத காலத்து ஓட்டு வீட்டில், பச்சை உடம்போடு கிடக்க வேண்டாம் என்பது அதன் உள்ளர்த்தம்.

வாரக் கணக்குக்கு வேர் ஜெர்மனியில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைடல்பெர்க்கில் இருந்த நெகலே என்ற மகப்பேறு மருத்துவரின் பெயரால் அந்த விதியைச் சொல்கிறார்கள். கடைசி விலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டு, மூன்று மாதத்தைக் கழி, வருஷத்தை ஏற்று. ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாசமாக வைத்தால் இதுவும் சரியாகப் பத்து மாசம்தான்! ஆயாவும் நெகலேயும் சந்தித்திருந்தால் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

சண்டை எண்ணிக்கையில் இல்லை. ஒரு மாசத்தை எதற்காக எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது.

மூணு மாசம் முடியும்வரை வெளியே சொல்லாதே என்பது வீட்டின் சட்டம். கண் படும், கரு நிலைக்காமல் போனால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். இதில் இரண்டாவது காரணம் லேசானதல்ல, ஏனென்றால் கரு கலைவது பெரும்பாலும் இந்த மூன்று மாதத்துக்குள்தான். ஆனால் அரசின் விதி நேர் எதிர். 12 வாரத்துக்குள் பதிவு செய், பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கு. 12 வாரம் என்பதும் மூணு மாசம் என்பதும் ஒன்றுதான். வீடு எந்த நாள்வரை வாயை மூடச் சொல்கிறதோ, அந்த நாளுக்குள் பேசிவிடச் சொல்கிறது கார்டு. பேசினால் பணம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று ஏறியது. அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்.

18,000 ரூபாய் ஒரு மௌனத்தைக் கலைக்கப் போதுமானது என்பதை மாமியார்கள் நிரூபித்துவிட்டார்கள். இப்போது நடப்பது ஒரு சமரசம்: சொந்தபந்தத்துக்குச் சொல்வதில்லை, நர்சம்மாவுக்கு மட்டும் சொல்வது. அவள் அம்மாவுக்கே தெரியாத சேதி அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். ஜோடியின் முதல் ரகசியமும் முதல் விண்ணப்பமும் ஒரே வாரத்தில். அந்தச் சனிக்கிழமை அவன் வந்ததும் அவள் நீட்டுவது மாங்காய் வாங்கிவரச் சொல்லும் சீட்டு அல்ல, ஆதார் ஜெராக்ஸுக்கான பட்டியல்.

இந்த விதிக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. 19 வயது நிரம்பாத தாய்க்கு இந்த உதவித்தொகை கிடையாது. குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டம் இது. அப்படிப்பட்ட வீட்டில் மௌனம் மூணு மாசத்தோடு முடிவதில்லை. கண்ணேறுக்குப் பயந்த வாய் வழக்குக்குப் பயந்து மூடிக்கொள்கிறது. கவனிப்பு அதிகம் தேவைப்படும் உடம்புதான் கார்டுக்கு வெளியே நிற்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் தினமும் மூன்று வேளை மோதல் அங்கேதான். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள்ளு கூடாது என்கிறது வீடு. கார்டு கீரை, முட்டை, சுண்டல், கேழ்வரகு என்கிறது. கேழ்வரகில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். களி தின்னாத தருமபுரிக்காரன் உண்டா? ஆனால் அவளுக்குக் களியின் வாசம் ஆகவில்லை, தாளிக்கிற வாசம் ஆகவில்லை. அவளுக்குத் தின்னத் தோன்றுவது அடுப்புச் சாம்பல், விபூதி, மழை பெய்தால் மண்சுவர். மசக்கை என்றும், கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்றும் வீடு சொல்லும். நர்சம்மா விரலில் குத்தி ரத்தம் எடுப்பார். மண்ணும் சாம்பலும் தின்னத் தோன்றுவது பல சமயம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருக்கிறது என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஆசை என்று வீடு வாசித்ததைப் பசி என்று கார்டு வாசிக்கிறது, உடம்பின் வேறொரு பசி. எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது, மண்ணைக் கொடுக்காதவரை.

இரும்பு மாத்திரைதான் பெரிய வில்லன். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையும் கறுத்துவிடும் என்ற பேச்சு கிளம்பும். மாத்திரை ஜன்னல் வழியே போகும். காபி, டீயோடு விழுங்கினால் அந்த இரும்பு சரியாகச் சேராது. புளிப்பான பழத்தோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். பெட்டகத்தில் நெய், பேரீச்சை, சத்துமாவு, இரும்பு டானிக் எல்லாம் வருகின்றன. நெய்யும் பேரீச்சையும் முதல் வாரத்திலேயே வீட்டுக்கே பொதுவாகிவிடும். டானிக் மட்டும் அவளுக்கே அவளுக்காக அலமாரியில் நிற்கும். அவ்வைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இது. ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு அந்த மாத்திரையைப் போடு என்று சொன்னால் ஆயாவும் கேட்பாள், நர்சம்மாவும் கேட்பார். ஒரு கட்டுரையாளனின் சிபாரிசுதான், சட்டமல்ல.

ஐந்தாம் மாதம் ஒரு ஸ்கேன். கார்டில் அது 18 முதல் 20 வாரம். ஊர் அதை "அஞ்சாம் மாச ஸ்கேன்" என்று தன் கணக்குக்கு மொழிபெயர்த்துக்கொண்டுவிட்டது. வயிறு கூர்ந்திருக்கிறதா, பரந்திருக்கிறதா என்று பார்த்து ஆணா பெண்ணா சொல்வது வீட்டின் பழைய விளையாட்டு. மற்ற ஊர்களில் அது விளையாட்டாக இருந்திருக்கலாம், இங்கே இல்லை. பெண்சிசுக் கொலைக்காகப் பேர் கெட்ட வட்டாரம் இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. ஸ்கேன் மையத்துச் சுவரில் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. அப்புறமும் சட்டவிரோத ஸ்கேன் கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த ஒரு இடத்தில் இரண்டு கணக்குகளும் கைகோத்துக் கெட்டது செய்திருக்கின்றன. கேள்வி வீட்டுடையது, கருவி ஆஸ்பத்திரியுடையது.

ஏழாம் மாதம் வளையல். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை பார்ப்பதும், எட்டை ஒதுக்குவதும் வழக்கம். ஏழு மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை பிழைக்காது என்று ஆயா சொல்வாள். இதை நம் ஊர்ப் பேச்சு என்று மட்டும் நினைத்திருந்தேன். பழைய கிரேக்கத்தில், ஹிப்போக்ரடீஸ் பெயரால் வழங்கும் நூல்களில், எட்டு மாசப் பிள்ளையைப் பற்றியே தனி ஏடு ஒன்று இருக்கிறது, இதே நம்பிக்கையோடு. வாரக் கணக்கில் இந்தப் பள்ளம் கிடையாது. 30-ஐவிட 32 மேல், 32-ஐவிட 34 மேல், ஏறுமுகம்தான். குறைமாதப் பிரசவ வலியோடு வரும் பெண்ணிடம் "எட்டாவது மாசமா?" என்று முகம் சுருங்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கும்போது, கார்டின் பக்கம் சாயாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் வளையல் விஷயத்தில் தோற்றது கார்டுதான். கர்ப்பிணிகளை அங்கன்வாடிக்கு வரவழைக்க, அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. சந்தனம், குங்குமம், கை நிறைய வளையல், கலந்த சாதம், நடுவில் ஊட்டச்சத்து பற்றி ஒரு பேச்சு. மாசக் கணக்கின் சடங்கை வாரக் கணக்கு கடன் வாங்கியிருக்கிறது. வீடும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, 44.9 சதவீதம் சிசேரியன் (2019–21 கணக்கெடுப்பு). கத்தி வைப்பது உறுதியானதும் பஞ்சாங்கம் வெளியே வருகிறது: ராகு காலம் தாண்டி, நல்ல நட்சத்திரத்தில், இத்தனை மணிக்கு. பிள்ளை பிறக்கும் நேரத்தைக் கேட்டு ஜாதகம் எழுதியவர்கள், ஜாதகத்தை எழுதிவிட்டுப் பிள்ளையை வரச்சொல்கிறார்கள். ஆயாவின் ஆயாவுக்குக் கிடைக்காத அதிகாரம் இது.

வளையல் போட்டதும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அங்கே வேறு சுகாதார நிலையம், வேறு நர்சம்மா. பிக்மி எண் மட்டும் கூடவே போகும். அந்த எண் இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் வாங்க முடியாது. அவளுக்கு அது விடுதலைதான்: மாமியார் பார்க்காமல் மத்தியானம் தூங்கலாம், "பசிக்கலை" என்று சொல்லலாம். ஆனால் பிள்ளை அசைவது வெளியிலிருந்து கைவைத்தாலே தெரிகிற மாதங்கள் அவை. கை வைக்க வேண்டியவன் இனி மாமனார் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வர முடியும். தட்டில் கறிக்குழம்பு, சுற்றிலும் பெண்கள், "வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க?" அவள் உள் அறையில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு அது தேவை. அவனுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்டதில்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

மாசக் கணக்கில் அவனுக்கென்று இருப்பவை எல்லாம் "கூடாது"கள். தேங்காய் உடைக்கக் கூடாது. பாம்பை அடிக்கக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது. வீட்டுக்குக் கடக்கால் தோண்டக் கூடாது. சிரிப்பு வந்தாலும், இவை அவனையும் முழுகாமல் இருப்பவனாக வைத்துப் பார்க்கின்றன. ஊர் நடுவில் தேங்காயை அடுத்தவன் கையில் கொடுக்கும்போது "ஓ, வீட்ல விசேஷமா?" என்று அவன் காது சிவக்கிறது. கார்டில் அவனுக்கு ஒரு வரி: கணவர் பெயர், செல் நம்பர். "கூடாது"கூடக் கிடையாது. பெண்ணின் உடம்பை வாரம் வாரமாக அளக்கும் கணக்கு, வீட்டை அளப்பதில்லை. வீட்டை மாசம் மாசமாகக் காக்கும் கணக்கு, அவள் ரத்தத்தை அளப்பதில்லை.

ஆனாலும் அவன் எண்ணுகிறான். ஓசூரில் நான்கு பேர் தங்கும் ரூமில் அவனுக்கு மாசம் என்பது சம்பளம், வாரம் என்பது பஸ். இத்தனை சனிக்கிழமை போச்சு, இன்னும் இத்தனை இருக்கு. அவன் அறியாமலே வாரக் கணக்குக்காரன் ஆகிவிட்டான். கார்டின் மொழியை வீட்டில் சரளமாகப் பேசுபவனும் அவன்தான். "இருபத்தெட்டு முடிஞ்சுது ஆயா." "எட்டுன்னு சொல்லாதடா, ஏழு நடக்குதுன்னு சொல்லு."

கடைசியில் லீவு. மத்திய அரசு ஊழியன் என்றால் 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. அவன் கம்பெனியில் அப்படி ஒன்றும் கிடையாது, சட்டமும் தனியாரைக் கட்டாயப்படுத்துவதில்லை. சூப்பர்வைசருக்குத் தேதி வேண்டும். கார்டில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியிலேயே பிறக்கும் பிள்ளை நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது என்பதை நர்சம்மாவே சொல்லியிருக்கிறார். ஆயா போனில் வயிறு இறங்கியதை விசாரித்துவிட்டு, "அமாவாசை தாண்டாது" என்கிறாள். அமாவாசைக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவன் எங்கோ படித்திருக்கிறான். கார்டுத் தேதியைச் சொல்லி நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தான். அமாவாசைக்கு முந்தின ராத்திரி, ஷிப்ட் முடிந்ததும், துணிகளைப் பையில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தான். செல்லை முழு சார்ஜில் போட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்தான்.