பழைய ஃபிரேமைக் கைவிடுதல்: ரோபோ கேமரா ஸ்ட்ரீமிங்கும் வளைகுடாவும்

அஜ்மானின் அல் தல்லா உள்ளிட்ட அமீரகத்தின் ஒட்டகப் பந்தயத் திடல்களில் ஓட்டம் தொடங்கியதும் உரிமையாளர்களும் பயிற்சியாளர்களும் கார்களில் ஏறி, ஒட்டகங்களுக்கு இணையாக விரட்டிக்கொண்டு போவார்கள். கையில் ரிமோட், வாக்கிடாக்கியில் அதட்டல். ஒட்டகத்தின் முதுகில் சாட்டை சுழற்றும் ரோபோ ஜாக்கி. தூரத்திலிருந்து இயக்கப்படும் ரோபோவுக்குக் காட்சி எப்படி வந்து சேரவேண்டும் என்ற கேள்வியின் வரலாற்றை இங்கிருந்து தொடங்கலாம்.

பந்தயங்களில் சிறுவர்களை ஏற்றுவதை அமீரகம் 2005இல் சட்டமியற்றித் தடுத்தது. தெற்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் ஊர் திரும்பினார்கள். கத்தாருக்காக சுவிஸ் நிறுவனமான கே-டீம் ரோபோ ஜாக்கியை உருவாக்கியது. 16 முதல் 18 கிலோ எடையிருந்த தொடக்ககால ஜாக்கிகள் பின்னர் 2, 3 கிலோவுக்கு இறங்கின. துளையிடும் டிரில்லின் மோட்டாரும் கார்ச் சாவி ரிமோட்டும் போதும் என்றானது. ரேடியோ வழியே போனவை சாட்டைக் கட்டளையும் குரலும் மட்டுமே; கண் காரிலேயே இருந்தது. இதைப் பின்தங்கிய தீர்வு என்று நான் கருதவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும் ஒட்டகம் விநாடிக்கு 11 மீட்டர் போகும். காட்சி அரை விநாடி பிந்தினாலும் திரையில் தெரியும் ஒட்டகம் ஐந்தரை மீட்டர் பின்னால் நிற்கும்.

இதே காலத்தில் மென்பொருள் பக்கம் வேறொரு வழி திறந்தது. கலிபோர்னியாவின் வில்லோ கராஜ் நிறுவனம் 2007 முதல் வளர்த்த ஆர்ஓஎஸ், ரோபோ மென்பொருளுக்குப் பொதுத் தளமானது. ஆனால் 640க்கு 480 அளவுள்ள வண்ணப் படம் ஒன்றே 9,21,600 பைட். விநாடிக்கு 30 படம் என்றால் ஏறத்தாழ 221 மெகாபிட். வைஃபை திணறும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பினார்கள். படங்களுக்கிடையிலான மாற்றத்தை மட்டும் அனுப்பும் தியோரா முறையும் சேர்ந்தது. அது அலைவரிசையை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு துண்டு தொலைந்தால் அடுத்த முழுப்படம் வரும்வரை காட்சி குழம்பும். ஜேபெக் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் காரணம்.

உண்மையான எதிரி வரிசைதான். எல்லாப் படங்களையும் தவறாமல் சேர்ப்பிக்க முயலும் மென்பொருள் இயக்குபவருக்குக் கடந்தகாலத்தையே காட்டும். வரிசையில் ஒரே படத்தை வைத்துப் பழையதைத் தூக்கிப்போடுவது பலன் தந்தது.

2017 டிசம்பரில் முதல் பதிப்பு கண்ட ஆர்ஓஎஸ் 2இல் சிக்கல் வேறு உருவில் வந்தது. பெரிய படம் யுடிபி என்ற வலையமைப்பு முறை வழியே போகும்போது 1,500 பைட் பொட்டலங்களாக உடைகிறது. ஒரு துண்டு வராவிட்டால், மீதியை வைத்துக்கொண்டு லினக்ஸ் இயல்பாக 30 விநாடி காத்திருக்கும். அதற்கான நினைவகமும் இயல்பில் அளவானதுதான். அது நிரம்பினால், பழுதின்றி வரும் படங்களையும் கோக்க இடமிருக்காது. காட்சி உறைந்து நிற்கும். ஆர்ஓஎஸ் 2 ஆவணங்கள் சொல்லும் பரிகாரம் எளிமையானது: காத்திருப்பை 3 விநாடியாகக் குறைக்கவும், இடத்தை 128 மெகாபைட்டாகக் கூட்டவும். ஆயிரம் டாலர் கேமரா வாங்குவதற்கு முன் இந்த இரண்டு வரிகளைத் தட்டிப்பார்ப்பது நல்லது.

2011இல் கூகுள் வெளியிட்டு, 2021 ஜனவரியில் இணையத் தரமாக ஏற்கப்பட்ட வெப்ஆர்டிசி, நெரிசலில் படத்தின் தரத்தைக் குறைத்தாவது நேரத்தைக் காக்கிறது. வீடியோ அழைப்புக்காகப் பிறந்த உத்தியை ரோபோக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

வளைகுடாவில் இந்த வரலாறு வேறு திசையிலும் நகர்ந்தது. 2017 மார்ச்சில் அபுதாபியின் யாஸ் மரீனாவில் நடந்த சர்வதேச ரோபோப் போட்டியில், தரை ரோபோ சரியான ஸ்பேனரைத் தேர்ந்து வால்வைத் திருப்பவேண்டும். தானே செய்வதற்கே முன்னுரிமை. காட்சியை அலசும் வேலை ரோபோவுக்குள்ளேயே போனது. அதே போட்டித் தொடரின் பிந்தைய கடல்சார் போட்டிக்கான சிமுலேட்டரில் ரேடியோ அலைவரிசையே குறுக்கப்பட்டிருந்தது. டிரோன் முதலில் இலக்குக் கப்பலைத் தானே கண்டறியவேண்டும். அதன் பிறகே கரைக்கு வீடியோவை அனுப்பத் தொடங்கி, படத்தில் கப்பல் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று குறித்துக் காட்டவேண்டும்.