விழிப்புணர்வை யார் பேசுவது? செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரையில் எச்.ஐ.வி. பரப்புரை

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் சென்னையில் கண்டறிந்தவர்கள் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். தொற்று கண்டறியப்பட்டவர்கள் பாலியல் தொழிலாளர்களான பெண்கள். நோய் ‘அவர்களுக்கு’ வருவது, நமக்கல்ல என்ற எண்ணம் அன்றே வேர்விட்டது. பின்னாளில் வந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரம் சாதாரணக் குடும்ப ஆணை நோக்கிக் கேள்வி எழுப்பி அதை அசைத்தது. அச்சத்தை மட்டும் அதனாலும் கரைக்க முடியவில்லை.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருக்கும் தாம்பரம் சானடோரியத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1928-இல் சௌரி முத்து தொடங்கிய இந்தக் காசநோய் மருத்துவமனை, 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி. உள்ளவரை எளிதில் பற்றுவது காசநோய் என்பதால், பிற இடங்களில் ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் இதுவும் ஒன்று. மருந்தை விடாமல் உட்கொண்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவாது என்பது இன்று உறுதியான அறிவியல். இதைச் சொல்லாமல் நோயை மட்டும் சொல்லும் பரப்புரை பாதி உண்மையையே சொல்கிறது.

சொல்வது யார் என்பதும் முக்கியம். இதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் எட்டில் ஒரு பங்குதான். புதிய தொற்றுகளிலோ சுமார் 40 விழுக்காடு அவர்களிடையே. வறுமையும் மருத்துவ வசதிக் குறைவும் இதற்கு முக்கியக் காரணங்கள். 1989-இல் பெர்னெசா சீல் என்ற பெண்மணி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி வழிபாட்டுத் தலங்களைத் திரட்டி, எய்ட்ஸ் நோயுற்றோருக்கான பிரார்த்தனை வாரத்தைத் தொடங்கினார். மக்கள் ஏற்கெனவே நம்பிய இடத்திலிருந்தே அந்தப் பேச்சு எழுந்தது.

கோவளம் முதல் கடப்பாக்கம் வரையுள்ள மீனவக் குப்பங்களில் அத்தகைய இடம் ஊர்ப் பஞ்சாயத்து. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனை வழிபடக் கூடும் இருளர் பழங்குடியினருக்கு அந்தக் கூடுகையே அப்படியோர் இடம். ஆனால் இருளரையோ மீனவரையோ மட்டும் குறிவைத்தால் 1986-இன் முத்திரையே திரும்பும். கடற்கரை விடுதிகளுக்கும் செங்கல்பட்டு நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களுக்கும் அதே செய்தி அதே நாளில் போய்ச் சேரவேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்து பெரும்பாலும் ஆண்கள் சபை, அங்கே ரகசியம் தங்காது என்ற எதிர்வாதம் நியாயமானது. அதனால்தான் பேச்சு ஊரில் நடக்கட்டும், பரிசோதனை ஊருக்கு வெளியே, அவரவர் தேர்ந்த நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) நடக்கட்டும் என்கிறேன். பெண்களிடம் பேச மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உள்ளன. ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் நிலையை வெளியிடுவதையும் தடுக்கும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளைக் கலைக்குழுக்கள் தெருக்கூத்திலேயே சொல்லலாம்.

உலக எய்ட்ஸ் தினமான அடுத்த டிசம்பர் 1 நிகழ்ச்சியைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மேடையில் முதலில் பேசும் உரிமையை, தாமாக முன்வரும் எச்.ஐ.வி. உள்ளோருக்கும் அவர்களுடைய கூட்டமைப்புகளுக்கும் கொடுங்கள்.